என் பிழைகள் போய்ச் சேர்ந்த மூலை

கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு போகக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியில், சாமி அறைக்கு உள்ள மரியாதை அந்த ஏ.சி. அறைக்கும் இருந்தது. வெளியே செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே நாங்கள் வெறுங்காலோடு சில்லிட்ட தரையில் நடந்து போய், ஒரு டெர்மினலுக்கு மூன்று பேராக நெருக்கியடித்து உட்காருவோம். டெர்மினல் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். அத்தனை டெர்மினலுக்கும் சேர்த்து மூளை ஒன்றே ஒன்று. அது கண்ணாடி அறைக்குள் நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்து யூனிக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் டெர்மினலில் நடு நாற்காலி எனக்கு. அது கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த இடம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிளஸ் டூ முடிப்பதற்குள் வி.கே.புரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் போய் இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், விரல் ஓடும். எனக்கு இடப்பக்கம் வள்ளியூரிலிருந்து வந்த பெண். என்னைப் போலவே தமிழ் மீடியம். வலப்பக்கம் டவுன்காரி, கான்வென்ட். நான் அடிப்பேன், இரண்டு பேரும் பார்ப்பார்கள்.

பார்ப்பதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதவே தேவை இருந்திருக்காது. வள்ளியூர்க்காரி வாசிப்பாள். திரையில் எது வந்தாலும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல வாய்விட்டு, எழுத்துக்கு எழுத்து அழுத்தி வாசிப்பாள். சரியான விடை வந்தால் அதைக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். தப்பு வந்தால் லேபே கேட்கும்.

"சின்டாக்ஸ் எரர்! என்னட்டி அடிச்சே? சின்டாக்ஸ் எரர்னு வந்துட்டு."

டவுன்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சார் தூரத்திலிருந்தே, "என்னம்மா, டைப்பிஸ்டு அம்மா, இன்னைக்கு எத்தனாவது?" என்பார். அதற்கு ஒரு சிரிப்பு எழும். எனக்குக் காது மடலெல்லாம் சுடும். ஊரில் நான் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். மில்லில் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது என் அப்பா நாலு பேரிடம், "எம்மவ கம்ப்யூட்டர் படிக்கா" என்று வலியச் சொல்லுகிறவர். அந்த மகள் இங்கே வெறுங்காலோடு உட்கார்ந்து இடைவெளி விட மறந்ததற்கெல்லாம் சிரிப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வருவேன். யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் சார் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தினார். ஸ்கிரிப்ட் என்பது கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதி வைக்கும் கட்டளைகள். அதை ஓட்டினால் இரண்டு விதமான பேச்சு வெளியே வரும். கேட்டதற்கான விடை ஒன்று. ஏதாவது கோளாறானால் அது போடும் புலம்பல் இன்னொன்று. இரண்டும் ஒரே திரையில் வந்து விழுவதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. உள்ளே இரண்டுக்கும் வழி தனித்தனி. விடைக்கு ஒன்றாம் எண், புலம்பலுக்கு இரண்டாம் எண். இரண்டாம் எண்ணைப் போட்டு ஓர் அம்புக்குறி போட்டால் புலம்பலை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடலாம். சோற்றைப் பானையிலேயே நிறுத்திக் கஞ்சியை மட்டும் வேறு சட்டிக்கு வடிப்பது போல என்று புரிந்துகொண்டேன். மற்றவர்கள் அதைப் பரீட்சைக்கு எழுதிக்கொண்டார்கள். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

முதலில் சார் சொன்ன குப்பைத் தொட்டியை முயன்றேன். 2>/dev/null என்று எழுதினால் போதும். புலம்பல் அதற்குள் போய் விழும், அதற்கு அடியே கிடையாது, போனது போனதுதான். மறுநாள் லேபில் போட்டேன். தப்பு எதுவும் திரையில் வரவில்லை. விடையும் வரவில்லை. என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் நானே அடைத்துவிட்டு, அந்த வகுப்பு முழுவதும் முழித்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஒரு கோப்புக்குத் திருப்பினேன். கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க அதைத் திரையில்தானே திறக்க வேண்டும்? திறந்தேன். இடப்பக்கத்திலிருந்து கணீரென்று குரல் கேட்டது. முன்னே ஒவ்வொன்றாக வந்தது இப்போது மொத்தமாக வாசிக்கப்பட்டது.

வழி கிடைத்தது ஆயுத பூஜையில். பூஜைக்கு முதல் நாள் லேபைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வேலை பெண்களுக்கு. கடைசி வரிசை மூலையில் ஒரு டெர்மினல் நாங்கள் சேர்ந்ததிலிருந்தே இருட்டாகக் கிடந்தது. 'ரிப்பேர்' என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதன் பின்பக்கத்தைத் துணியால் துடைக்கும்போது ஒரு சிறிய திருகு கையில் தட்டுப்பட்டது. திருகினேன். திரையில் பச்சை எழுத்துகள் பளிச்சென்று எழுந்து வந்தன. வெளிச்சத்தை யாரோ முழுக்கக் குறைத்து வைத்திருக்கிறார்கள். வேறொரு கோளாறும் இல்லை. சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருகைப் பழையபடி திருகி இருட்டாக்கிவிட்டு, அந்த டெர்மினலுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தேன். அன்று சாமி கும்பிட்டது போல நான் பிறகு எந்தப் பூஜையிலும் கும்பிட்டதில்லை.

யூனிக்ஸில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு பெயர் உண்டு. மூலையில் இருந்தது எட்டாவது. ஒருவர் இன்னொருவருடைய திரையில் எழுதுவதற்குத் தடை போட்டு வைத்திருக்க வேண்டும். எங்கள் மெஷினில் யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த லேபில் என் கணக்குக்குள் நுழைந்ததும் exec 2>/dev/tty08 என்று அடித்தேன். அதற்குப் பிறகு வரும் எல்லாப் புலம்பலும் அந்த மூலைக்குப் போய்விடும் என்று அர்த்தம். போயிற்று. கூடவே, கட்டளை கேட்டு நிற்கும் அந்த டாலர் குறியும் போயிற்று. அதுவும் இரண்டாம் எண் வழியில்தான் வருகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஏட்டி, டாலரைக் காங்கல! மெஷின் செத்துட்டா?" என்று வள்ளியூர்க்காரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

சார் வருவதற்குள் என் கணக்கிலிருந்து வெளியே வந்து மறுபடி நுழைந்து சமாளித்தேன். அதற்கப்புறம் விவரம் பிடிபட்டது. நேரடியாக அடிக்காமல், எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியாக அதைப் போட்டுவிட்டால் அந்த ஸ்கிரிப்டின் தப்புகள் மட்டும் மூலைக்குப் போகும். டாலர் தன் இடத்தில் நிற்கும். பிள்ளையார் சுழி போல அந்த வரியைப் போட ஆரம்பித்தேன். விடை வராவிட்டால், "இன்னும் முடிக்கல" என்று சொல்லிவிட்டு மற்ற வரிகளைத் தட்டிக்கொண்டிருப்பேன். டீக்கு விட்டதும் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் பின்தங்குவேன். மூலைக்குப் போய்த் திருகைத் திருகி, என் தப்புகளைத் தனியாக, வாய் திறக்காமல் படிப்பேன். பழைய வரிகள் மேலே போய் மறைந்திருக்கும். கடைசியில் நிற்பது எதுவோ அதை வைத்துத் திருத்துவேன். திருகை இருட்டாக்கிவிட்டுத் திரும்பி வந்து ஓட்டினால் விடை வரும்.

வகுப்பில் என் கதையே மாறிப்போயிற்று. "தப்பே வர மாட்டேங்கு இவளுக்கு" என்று டவுன்காரி மற்றவர்களிடம் சொன்னாள். சார் 'டைப்பிஸ்டு அம்மா'வை நிறுத்திவிட்டார். சந்தேகம் கேட்டு வருகிறவர்களை என் பக்கம் அனுப்ப ஆரம்பித்தார். வள்ளியூர்க்காரி மட்டும் வரவரப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வாசிக்க ஒன்றும் இல்லாததால் திரையையே பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பாள். வாசிக்காதே என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத நான் அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் அவள் சாரிடம் போய் வேறு டெர்மினலுக்கு மாற்றித் தரச் சொன்னாள். காரணம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. சார் மாற்றிவிட்டார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "வாரேன்ட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். "சரி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது. இதைத்தான் இன்றைக்கும் நினைக்கச் சகிக்கவில்லை. அந்த நிம்மதி.

வருஷக் கடைசியில் பிராக்டிகல் பரீட்சை வந்தது. பரீட்சைக்கு ஆளுக்கொரு டெர்மினல் வேண்டும். இருக்கிறதையெல்லாம் சரிபார்க்க முதல் நாள் சாயங்காலம் சர்வீஸ்காரர் வந்து போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. குலுக்கல் சீட்டில் வந்த எண்ணுக்குப் போய் உட்கார்ந்தேன். முன்வரிசை. பின்னால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார். அவர் கடுமையானவர் என்று காலையிலேயே பேச்சு. காப்பி அடித்ததாகச் சந்தேகம் வந்தாலே வெளியே அனுப்பிவிடுவாராம்.

ஒரு மார்க் பட்டியலைக் கொடுத்து, அதிலிருந்து பாஸானவர்களை மட்டும் பிரித்துக் காட்டும் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லியிருந்தார்கள். சுலபம்தான். கடகடவென்று அடித்தேன். பட்டியலில் ஒரு வரியில் மார்க் இருக்க வேண்டிய இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. ஓட்டினேன். பாதிப் பேர் வந்தார்கள், அப்படியே நின்றுவிட்டது. திரையில் வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதே நேரம் பின்னால், அறையின் மூலையிலிருந்து, அந்தக் குரல்.

"டெஸ்ட்... ஆர்க்யுமென்ட்... எக்ஸ்பெக்டட்."

"சைலன்ஸ்!" என்றார் தேர்வாளர்.

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. அவள் ஏதோ தப்பாக அடித்துவிட்டாள் போல, பாவம் என்றுதான் நினைத்தேன். என் ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் பின்னாலிருந்து, இந்தத் தடவை அடக்கிய குரலில், "ஆர்க்யுமென்ட் எக்ஸ்பெக்டட்." அப்போதுதான் என் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பார்த்தேன். விரல்கள் பழக்கத்தில் அதைத்தான் முதலில் அடித்திருந்தன. திரும்பினேன். கடைசி வரிசை மூலையில், 'ரிப்பேர்' காகிதம் கிழிக்கப்பட்ட எட்டாவது டெர்மினலில், பச்சை வெளிச்சம் முகத்தில் அடிக்க, வள்ளியூர்க்காரி உட்கார்ந்திருந்தாள்.

தேர்வாளர் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "யாருக்கும்மா சொல்லிக் குடுக்கிறே?"

"யாருக்கும் இல்ல சார்."

"ரெண்டு தடவை சத்தமாச் சொன்னே. நானே கேட்டேன்."

"அதுவா வருது சார். நான் இன்னும் ஓட்டவே இல்ல சார். வந்ததை வாசிச்சேன்."

"ஓட்டாம எப்படி வரும்? எழுந்திரு. பேப்பரைக் குடுத்துட்டு வெளியே போ."

அவள் எழுந்தாள். அழுகையை அடக்கத் தெரியாத பெண். "வாசிச்சாத்தான் சார் எனக்குப் புரியும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் சார் பழக்கம். வேற ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் சார் வாசல் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த பேப்பரைத் தேர்வாளர் வாங்கிக்கொண்டார்.

நான் எழுந்ததை வீரம் என்று சொல்ல மாட்டேன். எழுந்த பிறகும் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தவள் நான். "சார், அது என்னோடது" என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் வந்தார். என் திரையைப் பார்த்தார். முதல் வரியில் விரலை வைத்தார். மூலைக்குப் போய் அங்கே நின்ற வரியில் என் ஸ்கிரிப்டின் பெயர் இருப்பதையும் பார்த்துவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று நின்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"எப்போலேருந்து இதைச் செய்யறே?"

"ஆயுத பூஜையிலேருந்து சார்."

"எதுக்கு?"

கீபோர்டைப் பார்த்தேன். அவர் விடுகிற ஆளாக இல்லை. "சும்மா சொல்லும்மா."

"எனக்குத் தப்பு வர்றதை எல்லாரும் பாக்காங்க சார்."

லேப் மொத்தமும் சிரித்தது. அவர் கையைக் காட்டி அடக்கிவிட்டு, பரீட்சையை நிறுத்தி, எங்கள் சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். புத்தகத்தில் படித்ததை வாழ்க்கைக்குப் பயன்படுத்திய முதல் மாணவியைப் பார்க்கிறேன் என்றார். தப்பு எப்படி இரண்டாம் எண் வழியே போகிறது, இவள் அதை எந்தத் திரைக்குத் திருப்பினாள், டீ நேரத்தில் போய் எப்படிப் படித்திருப்பாள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினார். அவர் பாராட்டத்தான் செய்தார். அந்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டவுன்காரியின் புருவம் இன்னும் கொஞ்சம் மேலே போனது. என்னைத் தேடி வந்து சந்தேகம் கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால் தலையைக் குனிந்து தப்பித்திருப்பேன். பாராட்டும்போது குனியக்கூட முடியாமல் நிற்க வேண்டியிருந்தது. கால் பாதம் மரத்துப்போய், அந்தத் தரையோடு அப்படியே போய்விட மாட்டேனா என்றிருந்தது.

வள்ளியூர்க்காரி மட்டும் சிரிக்கவில்லை. தேர்வாளர் அவள் பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, "ஸாரிம்மா, நீ எழுது" என்றார். அவள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மிச்ச நேரம் முழுவதும் அவள் பக்கமிருந்து கீபோர்டுச் சத்தம் வரவேயில்லை. நான் முதல் வரியை எடுத்துவிட்டு, என் தப்பு என் திரையிலேயே வர, அதைப் பார்த்துத் திருத்தி, விடையைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று போர்டில் என் நம்பருக்கு நேரே நல்ல மார்க் இருந்தது. யூனிக்ஸ் பிராக்டிகலில் அவள் நம்பர் இல்லை. மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். நான் பக்கத்தில் நின்றுகொண்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் வேறு யாருடைய நம்பரையோ தேடுவது போல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். "வாட்டி, போவோம்" என்று அவள்தான் கூப்பிட்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றைக்கு நான் குழப்பிவிட்டதால்தானே உனக்குப் போச்சு என்று நான் தொடங்கினேன். அழுது மன்னிப்புக் கேட்டு அதோடு என் பாரத்தை இறக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்கில்லட்டி" என்றாள். "அன்னைக்கு நீ ஒண்ணும் பண்ணாட்டாலும் எனக்கு வந்திருக்காது. ஒரு மண்ணும் தெரியாமத்தான் போய் உக்காந்தேன்."

"தெரியலன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாட்டி? பக்கத்துலதான இருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"மொதல்ல ஒனக்கும் தப்பு வரும். அதை வாசிச்சு வாசிச்சு, நீ எங்கன மாத்துதேன்னு பாத்து, கொஞ்சம் கொஞ்சமாப் புரிஞ்சுது. பொறவு ஒனக்குத் தப்பே வரல. எனக்கு மட்டுந்தான் மண்டையில ஏறலன்னு நெனச்சேன். ஒங்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சுட்டி. அதாம் எடத்த மாத்திக்கிட்டுப் போனேன்."

வள்ளியூர் பஸ் வந்துவிட்டது. "பைய வீட்டுக்குப் போ, வெயிலா இருக்கு" என்று எனக்குச் சொல்லிவிட்டு அவள் ஏறினாள். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்த வருஷம் பூராவும் நம்பியிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு நானே அதைக் கொடுத்திருக்கிறேன். பஸ் நகர்ந்ததும் ஜன்னலிலிருந்து அவள் கையசைத்தாள். எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை.